அரை தீனார்

வெள்ளிக்கிழமை பயானில் ஹஜரத் சொன்னார்:
பதினொரு ஆணும் நான்கு பெண்ணும்
மக்காவிலிருந்து ஒளிந்து கிளம்பி
ஷுஐபா என்கிற கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.
சரக்கு இறக்கிவிட்டுத் திரும்ப இருந்தன
இரண்டு படகுகள்.
தலைக்கு அரை தீனார்.
கடலுக்கு அந்தப் பக்கம் ஹபஷா.
அங்கே ஓர் அரசன். வேறு வேதம், வேறு மொழி.
அவன் நாட்டில் யாருக்கும் அநியாயம் நடக்காது என்று கேள்வி.
துரத்தியவர்கள் கரையைத் தொட்டபோது
படகு கிழித்த கோடுகூடத் தண்ணீரில் இல்லை.

எனக்கு வேறொன்று உறுத்தியது.
செருப்பைத் தேடும் நெரிசலில் கேட்டேன்:
ஓடக்காரன் பெயர் என்ன?
ஹஜரத் என்னைவிடப் பத்து வயது சின்னவர்.
மோவாயைச் சொறிந்தார்.
கூலி எழுதியிருக்கு, மரைக்காரே.
பெயர் எந்தக் கிதாபிலும் இல்லை.

எனக்கு டீசல் இஞ்சின் வேலை,
பழவேற்காட்டில், ஐஸ் கடையை ஒட்டிய கொட்டகை.
செவ்வாய் சாயங்காலம் ஒருவன்
படகு இஞ்சினைக் கழற்றி எடுத்து வந்தான்,
மருமகன் மறுபக்கம் பிடிக்க.
திறந்து பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை.
என்னடா கோளாறு?
சத்தம், என்றான்.
சத்தம் போடாத இஞ்சின் ஏது?
அதுக்குத்தான் உன்கிட்ட இருக்கட்டும்ங்கறேன்.
நீளக் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

பொன்னேரிப் பக்கம் ஓர் அரிசி ஆலை.
களத்தில் நெல் காயும், நெல்லோடு பாதங்களும்.
அப்பன் வாங்கிய முன்பணம் எட்டாயிரம்
மகள் கணக்கில் இருபத்திரண்டாயிரமாக விளைந்திருந்தது.
உச்சிவெயில் மணலில் ஓர் அடிமையைக் கிடத்தி
நெஞ்சில் பாறாங்கல் ஏற்றினார்கள் என்று
ஹஜரத் அழுதபடி சொன்ன நாளில்
நானும் அழுதேன்.
அந்த ஆலைக்கு ஜெனரேட்டர் பார்க்கப் போனவன்தான் நான்.
பார்த்தேன். கூலி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நோன்பு இருபத்தேழு கழிந்திருந்தது. நிலா இல்லை.
புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் மூன்று, ஒரு கோழி.
பெயர் அவனும் கேட்கவில்லை.
ஏரி இடுப்பளவு. கழி சேற்றில் இறங்கும், ஏறும்.
பூநாரைகள் நின்றபடி தூங்கும் திட்டைச்
சுற்றிக்கொண்டு போனானாம்,
எழுப்பினால் ஊருக்கே கேட்கும்.
எங்கோ தமிழ்நாடு முடிந்து ஆந்திரா தொடங்கியது.
எந்த இடம் என்று தண்ணீருக்கும் தெரியாது.
விடியலில் அக்கரையில் மீன் உலர்த்த வந்த ஒருத்தி
ஐந்து பேரையும் பார்த்தாள், கோழியையும்.
எவரு மீரு என்று கேட்கவில்லை.
அன்னம் தின்னாரா, என்றாள்.

ஹபஷா மொழியில் அதை எப்படிச் சொல்வார்களோ.

புதன் காலை மூன்று பைக் வந்து நின்றன.
எந்தப் படகு? எவன் படகு?
வலை பிரித்தவர்கள் வலை பிரித்தார்கள்.
இறால் நிறுத்தவள் தராசு முள்ளையே பார்த்தாள்.
என் கொட்டகையிலும் நுழைந்தார்கள்.
பலகைமேல் இஞ்சின் கிடந்தது, வயிறு திறந்து.
யாருது?
ஒரு மாசமா கிடக்கு, ஆள் வரல, என்றேன்
தண்ணீர் படாத நோன்பு வாயால்.

அப்போதுதான் பிடிபட்டது.
ஷுஐபாவிலும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்,
சேணத்தைவிட்டு இறங்காமல்.
மூட்டை சுமந்தவன், பாய் தைத்தவன், தண்ணீர் விற்றவள்,
ஒருத்தர் பாக்கியில்லாமல்
உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள்.
கிதாபு எழுதியவர் மறந்துவிடவில்லை.
கரை சொல்லவில்லை.

பெருநாள் கழிந்த சனிக்கிழமை இஞ்சினுக்கு வந்தான்.
அவங்ககிட்டக் கூலி வாங்கினியா?
ஆளுக்குப் பத்து ரூபா. கோழிக்கு இல்ல.
ஏண்டா, அவங்ககிட்டப் போயா?
சும்மா ஏத்தினா தருமம், மரைக்காரே.
காசு குடுத்தா டிக்கெட்.
டிக்கெட் எடுத்தவன் எவனுக்கும் கும்பிடு போட வேணாம்.

உனக்கு எவ்வளவு, என்றான்.
பழுதே இல்லாத இஞ்சின்.
பத்து ரூபாய், என்றேன்.
சில்லறையாக எண்ணி வைத்தான்.
நோட்டில் வரவு எழுதினேன்:
தேதி. பத்து ரூபாய்.
பெயர் எழுதும் கட்டத்தில்
கிரீஸ் விரல் பட்டுவிட்டது.
துடைக்கவில்லை.