பதினான்காம் இலக்கம்

நெவின் அருமைநாதன் என்று
பிழையில்லாமல் எழுதியவன் இந்த நகரத்தில்
நான் ஒருவன்தான்.
ஒலிபெருக்கியில் அவன் ஆருமநாதன்.
சிங்களப் பத்திரிகையில் அருமநாத.
ஆங்கிலப் பத்திரிகையில் அதுவும் கழன்று
வெறும் நெவின்.
எனக்கு, புள்ளித்தாளில் நீல மையால் ஒரு வரி,
பதினான்காம் இலக்கம்.

ஜிந்துப்பிட்டிப் பொடியன்.
பஸ்ஸில் கழுத்தை மடித்துத்தான் நிற்பான்.
துள்ளுவதற்காக வங்கி அவனுக்கு வேலை கொடுத்தது.
சம்பளச் சீட்டில் 'எழுதுவினைஞர்' என்றிருக்கும்,
அவன் ஒரு வரி எழுதி யாரும் கண்டதில்லை.

அந்த இறுதியாட்டம்.
சுகததாச உள்ளரங்கின் கூரையில் மழை,
கீழே மூவாயிரம் தொண்டை.
துறைமுக அணி அறுபது, நாங்கள் ஐம்பத்தெட்டு
(நாங்கள் என்று நான் சொல்லக்கூடாது,
மேசைக்கு அணி கிடையாது).
நான்கு செக்கன் மிச்சம்.
வலது மூலையில், என்னிடமிருந்து பத்தடியில்,
எழும்பினான்.

எழும்புமுன்
சப்பாத்து நுனி வெள்ளைக் கோட்டில் இருந்தது.

நடுவர் கையில் மூன்று விரல்.
விரலைத்தான் நான் எழுத வேண்டும், கண்ணை அல்ல.
அதுதான் விதி.
மூன்று என்று எழுதினேன்.
அறுபத்தொன்று. அறுபது.
மூவாயிரம் பேரும் ஒரே பெயரைக் கத்தினார்கள்,
அந்த ஒரு இரவு, சரியான உச்சரிப்பில்.

பிறகு பால்மாக் கம்பனி வந்தது.
ஆமர் வீதியிலிருந்து தெஹிவளை வரை
மதில் மதிலாக அதே எழும்பல்.
கீழே பால்மா டின், அவன் முழங்கால் வரை.
சப்பாத்தை மறைத்துவிட்டது.
கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு
அவனோடு படம் எடுத்தார்கள்.
ஒருமுறை பொலிஸ்காரர் வண்டியை மறித்து
லைசன்ஸ் கேட்கவில்லை,
கைகுலுக்கக் கேட்டார்.

விலைவாசி ஏறிய வருடம்
வங்கி அணியைக் கலைத்தது.
இப்போது அவன் உண்மையிலேயே எழுதுவினைஞர்,
நகை அடகுப் பிரிவில்.
வளையலைத் தராசில் வைக்கும்போது
சில பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்களாம்,
எங்கேயோ கண்ட முகம் என்று.
மேல் தட்டுக் கோப்புகளை எடுக்க
எல்லா மாடியிலிருந்தும் அவனைத்தான் கூப்பிடுவார்களாம்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

போன மாதம், மருதானைத் தேத்தண்ணிக் கடை.
ஒரு மீன் பணிஸை இரண்டாகப் பிய்த்தான்.
பெரிய துண்டை என் பக்கம் தள்ளினான்.
"அண்ணே, நீங்க கண்டீங்கதானே?"

எட்டு வருடம் அந்தக் கேள்விக்குப்
பதில் தயாராக வைத்திருந்தேன்.
"பிளேன்டீயில சீனி கூடிப்போச்சு" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
வீதிக்கு அப்பால் மதிலைப் பார்த்தான்.
மழை அங்கே டின்னைக் கிழித்திருந்தது.
அவன் கால் இருக்க வேண்டிய இடத்தில்
அதற்கு முன்னர் ஒட்டிய விளம்பரம்:
உயர்தரக் கணக்கியல், ஞாயிறு வகுப்பு,
கடைசி இரண்டு இலக்கம் அழிந்த
ஒரு தொலைபேசி எண்.