பன்னிரண்டாம் பாகம்

நித்திரவிளை சந்திப்பில் என் கடை.
மெமரி கார்டில் பதினொன்றுதான் ஏறியிருந்தது.
உனக்கும் அவசரம், படகுக்கும் அவசரம்;
"போதும்டே, தா" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினாய்.

முப்பத்தெட்டு நாள்.
இங்கே எல்லாரும் பார்த்து, சண்டை போட்டு, மறந்து,
வேறொன்றுக்குப் போயாச்சு.
இப்போது வந்து, உப்பில் வெடித்த உதட்டோடு
ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆரம்பிக்கிறாய்:
"அந்த நிழல அடகு வச்ச பிள்ள இருக்காளே..."

வரைந்தவன் கடலைப் பார்த்ததே இல்லையாம்.
காற்று ஒரு பக்கம், அலை ஒரு பக்கம்.
மழை மட்டும் பரவாயில்லை.
சப்டைட்டில் ஓடும் வேகத்துக்கு
யாருக்கும் வாசிக்க வரவில்லை,
நீதான் சத்தமாய்ச் சொன்னாயாம் ஒன்பது பேருக்கும்.
அதனால் அவள் உங்களுக்குத்
தூத்தூர்ப் பேச்சு பேசுகிற பெண்.

அடகுக்கடைக் கதவில் கை வைத்து நிற்கிறாள்.
பதினொன்று அங்கே முடிகிறது.
அப்புறம் நடுக்கடல்.

ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு என்றாராம் ஸ்ராங்கு.
மீட்டுட்டா, ஆனா நிழல் அளவு சிறுத்துப்போச்சு என்றானாம் ரிச்சின்.
சமையல்கார ததேயூஸ் இரண்டு நாள் யோசித்து
மீன் கழுவிக்கொண்டே சொன்னாராம்:
நிழல் முந்தாநாளே வீட்டுக்குப் போயாச்சு,
அடுப்பில் உலை வச்சிட்டு
இவளை இன்னும் காணலையேன்னு இருக்கு.

நான் பன்னிரண்டைப் பார்த்தவன்.
அவள் ஒளியாகிறாள். பூ உதிர்கிறது. வயலின்.
கடைக்கு வந்தவர்களிடமெல்லாம்
"செம முடிவு" என்றவனும் நான்தான்.

"ஏத்தித் தரவா?"

கார்டை நீட்டினாய், பிறகு
கையை இழுத்துக்கொண்டாய்.
"ததேயூஸ் அண்ணன்கிட்ட ஒரு வாக்கு கேட்டுட்டு வாறேன்."