சாவடிக்கு இந்தப் பக்கம்

பதினெட்டு மிலனேசா.
மாட்டிறைச்சியை மெல்லிசாகத் தட்டி, முட்டையில் முக்கி,
ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தவை.
சூட்டோடு மூடினால் வியர்த்து நமத்துவிடும்.
இரவு இரண்டு மணி. ஜன்னலைத் திறந்துவைத்து
ஆறட்டும் என்று நிற்கிறேன்.
டிசம்பர் புழுக்கம்.
எண்ணெய் மணம் தெருமுனை வரை போயிருக்க வேண்டும்,
யாரோ அழைத்ததுபோல் ஒரு நாய்
வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்பார்கள்.
நாளை விடுங்கள்,
சான் பெத்ரோவிலிருந்து கொமொதோரோ வரை
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு வருமா?
ஆசுல் வரை அவித்த முட்டை.
பாஹியா பிளாங்கா தாண்டி மிலனேசா.
பிளாஸ்கில் மாத்தேவுக்கு வெந்நீர்,
அது தீரும் இடத்தில் ஏதாவது பெட்ரோல் பங்க்.

பிறகு பீச்.
முப்பத்து நான்கு பழம், ஒரு மரப்பெட்டி.
காம்புப் பக்கம் கீழே,
ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தித்தாள் சட்டை.
ஓரகத்தி மிர்த்தாவுக்கு.
அவள் ஊரில் பழம் கல்லைப்போல வருகிறதாம்,
கல்லின் விலைக்கு வந்தாலும் பரவாயில்லையாம்.

"விடமாட்டார்கள்" என்றான் ஓராசியோ, இரண்டு தடவை.
யார் என்று நான் கேட்கவில்லை.
எதற்கெடுத்தாலும் விடமாட்டார்கள் என்கிற ஆள்.

ஆசுலுக்கு முன்பே
ரேடியோவை யார் திருகுவது என்று
அப்பனும் மகனும் முறைத்துக்கொண்டார்கள்.
அப்புறம் நானூறு கிலோமீட்டருக்கு
எஞ்சின் மட்டும் பேசியது.
முட்டையை உரித்து
வலமிருந்த மடியில் வைத்துக்கொண்டு
முன்னால் ஒன்று நீட்டினேன், பின்னால் ஒன்று.
உப்பு சமையலறை மேசையிலேயே தங்கிவிட்டது.
உப்பில்லை என்று குறை சொல்லக்கூட
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆற்றுக்கு முன்னால் சாவடி.
கையுறை போட்ட பெண்,
சட்டையில் யானினா என்று தைத்திருந்தது.
"பழம் இருக்கிறதா அம்மா?"
"இல்லை" என்பதற்குள்
பெட்டியின் மணம் முந்திக்கொண்டு பதில் சொன்னது.

பழ ஈயாம்.
அந்தப் பக்கத் தோட்டங்களுக்கு அது போகக்கூடாதாம்.
நீலப் பீப்பாயைக் காட்டினாள்.
"இதில் போடுங்கள். இல்லை, நின்று தின்றுவிட்டுப் போங்கள்."

பெட்டியை ரெனோவின் முகப்பில் தூக்கி வைத்தேன்.
ஓராசியோ, "நான் அப்போதே" என்று ஆரம்பித்தான்.
எசெகியேல் ஒரு முழுப் பழத்தை
அப்பன் வாயில் திணித்தான்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
ஓராசியோ கடித்தான்.
சாறு தாடையில் வழிந்து
முழங்கை வரை இறங்கி அங்கிருந்து சொட்டியது.
"இன்னொன்று" என்றான்.

கம்பளி மூட்டை லாரிக்காரருக்கு மூன்று.
மோட்டார் சைக்கிள் ஜோடிக்கு நான்கு,
அவர்கள் தங்கள் இரண்டு ஆப்பிளை
எங்களுக்கு நீட்ட, அதையும் தின்றோம்.
நோயெலியா ஐந்து தின்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்தாள்.
யானினாவுக்கு நீட்டினேன்.
தலையசைத்தாள்; எச்சில் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது.
கடைசி இரண்டு முடியவில்லை.
கொட்டைகளோடு பீப்பாயில் போட்டேன்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.
மிர்த்தாவிடம் என்ன சொல்வது,
இன்னும் யோசிக்கவில்லை.

பாலம். பிறகு முட்புதர், முட்புதர், வானம்.
ஸ்டியரிங் பிசுபிசுத்து
ஒவ்வொரு திருப்பத்திலும் கையை விடமாட்டேன் என்றது.
பழத்துக்குச் சுற்றியிருந்த தாள்களை
நோயெலியா மடியில் நீவி
ஈரம் ஊறாத வரிகளை மட்டும் வாசித்தாள்:
"சான் பெத்ரோ. நாளை பிற்பகல் மழை."

"எந்த நாளை?" என்றான் எசெகியேல்.

ஓராசியோ வைப்பரைப் போட்டான்.
காய்ந்த கண்ணாடியில்
கிறீச், கிறீச் என்று இரண்டு முறை
போய் வந்தது.