ஜெனரேட்டர் சுருதி

முதல் தடவை ஒன்பது பேர், பதினேழு பெட்டி.
ஊர் பெல்ஜியம் என்றார்கள். ஆனால்
அக்கார்டியன்காரன் போர்ச்சுக்கல்,
மடியில் கவிழ்த்து அடிக்கிறவன் மொராக்கோ,
பாடுகிற மிலேனா பல்கேரியா.
குழுவின் பெயருக்கு ‘ஈர உப்பு’ என்று அர்த்தமாம்.
“நனஞ்ச உப்பு என்னத்துக்குவே ஆகும்?” என்றேன்.
மொழிபெயர்க்க வந்த பையன்
அதை மட்டும் விட்டுவிட்டான்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே மாடன் கோயில் கொடை.
மைக்செட் நம்முடையது.
கோமதிநாயகத்தின் நாயனம்
ரெண்டரைக் கட்டைக்குக் கொஞ்சம் மேலே.
அக்கார்டியனுக்கோ
‘கொஞ்சம்’ என்ற சொல்லே தெரியாது.
ஒரு மணி நேரம் சண்டை,
ஜனம் சிரித்தது.
பதினொன்றுக்குக் கரண்ட் போனது.

கயிற்றை இழுத்தேன். ரெண்டு தும்மல்,
பிறகு ம்ம்ம் என்று பிடித்துக்கொண்டது ஜெனரேட்டர்.
மிலேனா திரும்பிப் பார்த்தாள்.
அதே ம்ம்ம்-இல் கால் வைத்து ஏறினாள்.
உறுமி பின்னால் போனது.
மற்றவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் தபாலில் தட்டு வந்தது.
மூன்றாவது பாட்டில் என் மெஷின்.
நன்றிப் பட்டியலில் என் பெயர்,
ஆவுடையப்பன் என்பது
அவுத்தப்பன் என்று.
அந்தப் பாட்டுக்குத்தான் பரிசாம், விமானமாம்,
அட்டைப்படமாம்.

ரெண்டாவது தடவை பதினான்கு பேர்,
கடிகாரம் பார்க்க ஒரு மானேஜர்.
பாளையங்கோட்டைப் பள்ளி மைதானம், டிக்கெட்.
லேப்டாப்பைத் தட்டினால் என் ஜெனரேட்டர் பாடியது.
நிஜ ஜெனரேட்டரை
சத்தமாக இருக்கிறதென்று
நூறடி தள்ளி வைக்கச் சொன்னார்கள்.
தள்ளினேன். வாடகை வாடகைதானே.

போன மாசம் மிலேனா மட்டும்.
நெல்லை எக்ஸ்பிரஸில், ஒரே பை.
போர்ச்சுக்கல்காரன் ஓட்டல் வைத்துவிட்டான்.
‘ஈர உப்பு’ என்ற பெயர் யாருக்கு என்று
கோர்ட்டில் கிடக்கிறது.
இவள் அந்தப் பெயரில் பாடக் கூடாதாம்.
“அந்த மெஷின் எங்கே?”

உவரியில், ஐஸ் கம்பெனியில்.
விற்று ஆறு வருஷம்.
போனோம். ஓடிக்கொண்டிருந்தது.
கிட்டே குனிந்து கேட்டாள்,
முகம் சுளித்தாள்.
மெக்கானிக் எதையோ முறுக்கியிருக்கிறான்,
அரைக் கட்டை ஏறிவிட்டது.
ஒரு செருமல். அவளும் ஏறிக்கொண்டாள்.
பார் உடைக்கிறவன்
நிறுத்தாமல் உடைத்தான்.

பாதிப் பாட்டில் கரண்ட் வந்தது.
சூப்பர்வைசர் அணைக்க ஓடிவந்தார்.
ரெண்டு லிட்டர் டீசலுக்குக்
காசை அவர் பையில் திணித்து,
“கெடக்கட்டும்வே” என்றேன்,
“ஓடட்டும்.”