போத்தலின் பின்பக்கம்

முன்பக்கம் பிரெஞ்சுக்காரருடையது.
பின்பக்கத்தில் எனக்கு
ஒன்றரை அங்குலம் தந்திருக்கிறார்கள்,
சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கீழே,
எச்சரிக்கைக்கு மேலே.

புளூமெண்டல் வீதிக் களஞ்சியம். போயா தினம்.
கொழும்பில் ஒரு பார் திறக்கவில்லை.
எண்ணூற்று நாற்பது போத்தல்களும்
அட்டைப் பெட்டிக்குள் விரதம்.
லேபல் ஒட்டத் தோதாய்
முர்ஷித் ஒவ்வொன்றாய்த் துடைக்கிறார்.
துடைத்த கையோடு வியர்க்கிறது கண்ணாடி.

'ட்ரை ரெட்' என்கிறது தாள்.
உலர் சிவப்பு என்றெழுதி வெட்டினேன்.
வைகாசி முழுக்கக் கொட்டாஞ்சேனை மாடியில்
ஒரு துவாயைக் காயவைக்க முடியாதவள் நான்,
திரவத்தை எங்கே உலர்த்த?
வறண்ட: அது வாய்க்கால்.
சீனியற்ற: அது வருத்தக்காரர் பிஸ்கட்.

ஊர் காஓர்.
முர்ஷித் அதைக் காவோர் என்று வாசித்தார்.
காவுகிறவர்கள்.
பிழையில்லை என்றேன்,
துறைமுகத்திலிருந்து நாலு பேர் காவித்தானே வந்தது.

கூட வந்த சிறு புத்தகத்தில்
அந்த ஊரின் ஆறு, லொத்,
அறுந்து விழுந்த கொடிக்கயிறாய் வளைந்து கிடக்கிறது.
மேலே சுண்ணாம்புக்கல் மேடு. மண் சாணளவுதான்.
மால்பெக் வேர்கள் கல்லுக்குள் தண்ணீர் தேடிப் போய்க்
கறுப்போடு திரும்புகின்றன.
ஐம்பத்தாறு மாசியில் உறைபனி விழுந்து
அநேகமாக எல்லாக் கொடிகளும் செத்தன, பக்கம் ஆறு.

ஐம்பத்தாறு.
எனக்கு அந்த வருஷத்தில் பனி ஞாபகம் வராது.
கந்தோர்ப் படிவங்களில்
ஒரு மொழி மட்டும் மிஞ்சிய வருஷம்.
பிறகு மறுபடி நட்டார்களாம்
அங்கே.
இங்கேயும், ஒன்றரை அங்குலம்.

ஒரு போத்தலில் தக்கை கசிந்திருந்தது.
'உடைந்தது' என்று கணக்கெழுதிவிட்டு
ஜயமான்ன மாத்தயா தேநீர்க் கோப்பையில் ஊற்றித் தந்தார்.
அவருக்கு அன்று சில்.
"குடிக்காததை எப்படி மிஸ் மொழிபெயர்ப்பீர்கள்?"

நாவற்பழக் கறுப்பு. விளிம்பில் மட்டும் ஊதா.
முதலில் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு வாழைக்காய்த் தோலைக் கடித்த மாதிரி
முரசு இரண்டையும் பிடித்து இழுத்தது.
நாக்கு கம்பளியாயிற்று.
அடியில் ஈரக்கல், சீவிய பென்சில்,
எங்கோ தூரத்தில் ஒரு பழம்.
இனிப்பு வருமென்று காத்திருந்தேன்.
வரவில்லை.
அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை.

முர்ஷித் தொடமாட்டார். ஆனாலும் கேட்டார், எப்படி?
மறந்துபோய்க் கால் மணிநேரம் ஊறவிட்ட பிளேன்டீ,
சீனி போடாமல், என்றேன்.
ஆ, என்று முகத்தைச் சுளித்தார்.
மூன்று மொழியிலும் புரிந்த முகம்.

துவர்.
அகராதியில் அது சிவப்பு, பவளம்.
அதுவே காய்தல்,
ஈரத்தலை துவட்டுகிற சொல்லுக்குச் சொந்தக்காரி.
அதுவே இந்த முரசுப்பிடி.
இந்தத் திராட்சையைக் கண்ணால் காணாமல்
எத்தனை காலம் வைத்திருந்தது
இந்த வாய்!

துவர் வைன் என்றெழுதி அனுப்பினேன்.
மூன்றாம் நாள் திணைக்களத்திலிருந்து வந்தது:
அங்கீகரிக்கப்பட்ட வடிவம்,
உலர் சிவப்பு வைன்.

ஒட்டியாயிற்று,
எண்ணூற்று முப்பத்தொன்பது.
மற்றதைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
ஜன்னலில் இருக்கிறது, மணிபிளான்ட் போட்டு.
பின்பக்கம் ரோட்டைப் பார்க்க,
வெறுமையாய்.