முந்நூற்று இருபத்தாறு

சவப்பெட்டிக் கடைக்கு மேல் மாடி.
கீழே அம்புரோஸ் டீக் ஆணி அடித்தால்
மேலே அகராதி அதிரும்.
ஜார்ஜியா, பெல்ஃபோர்ட் ஊரில்
கறுப்பர்களுக்கு நகராட்சி கொடுத்த நூலகம்:
இரண்டு அறை, ஒரு விளக்கு,
நூலகர் ஆர்டீலியா க்ரம்.

வெள்ளையர் நூலகம் கழித்துப்போட்ட புத்தகங்கள்
கரிமூட்டையில் வரும்.
அட்டை போனவை, நடுவில் நாற்பது பக்கம் போனவை,
எந்தக் குழந்தையோ மீசை வரைந்த அரசிகள்.
முதுகில் எண் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

கறுப்பர் எழுதியதா, கறுப்பரைப் பற்றியதா,
ஒரே எண்தான்.
326. அடிமை முறை.
டிரம்பெட் வாசிக்கக் கற்றுத்தரும் நூல்: 326.
மக்காச்சோள ரொட்டிக்கு அறுபது பக்குவம்: 326.
நிலாவைப் பற்றி ஒருத்தி எழுதிய,
சங்கிலியே வராத கவிதைகள்: 326.
ஹோரஸ் பிம் என்பவர் தேனீ வளர்த்த கதை,
அதுவும்.
தேனீக்கள் யாருக்கு அடிமை என்று
அவள் கேட்கவில்லை.
கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சவரக்கத்தி வாங்கினாள், பன்னிரண்டு சென்ட்.
மாவுப்பசை வீட்டிலேயே காய்ச்சினாள்.
ஒரு குளிர்காலம் முழுக்க
ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு
ஒவ்வொரு முதுகாய்ச் சுரண்டினாள்.
டிரம்பெட் இசைக்குப் போனது.
ரொட்டி சமையலுக்கு.
நிலா, கவிதைக்கு.
பிம்மின் தேனீக்கள் 638-இல்
வெள்ளைக்காரத் தேனீக்களுக்குப் பக்கத்தில்,
இடித்துக்கொண்டு.

1937 மார்ச்சில் ஆய்வாளர் வந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை.
"அந்த எண் அலமாரி எங்கே?"
காட்டினாள்.
காலியாக இல்லை.
முன்னாள் ஆளுநரின் தன்வரலாறு,
பருத்திச் சீமான்கள் மூவரின் வாழ்க்கை,
ஊரை நிறுவியவரைப் புகழ்ந்து
அவர் மருமகன் அச்சிட்டது, தங்க விளிம்போடு.
ஆட்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள்.
சரியான இடம்தானே.

ஆய்வாளர் விரல் வைத்து எண்ணினார்.
எண்ணிப் பார்க்கவில்லை.
ஒன்பது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
அவர் படியிறங்கும்வரை
அவள் மூச்சு விடவில்லை என்று சொல்ல எனக்கு ஆசை.
உண்மையில் அன்று அவளுக்குப் பல்வலி.
கிராம்பை மென்றுகொண்டு நின்றாள்.

ஏப்ரலில் சலவைக்கடை லோன்சோ வந்தான்,
தேன் எடுப்பதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று.
தேனீக்கள் இருக்கும் இடத்தில் தேடச் சொன்னாள்.
இருந்தது.

மூன்று வாரம் தாமதமாகத் திரும்பியது புத்தகம்.
அபராதம் ஆறு சென்ட், பேரேட்டில் இருக்கிறது.
நாற்பத்திரண்டாம் பக்கம்
நாற்பத்துமூன்றோடு ஒட்டிக்கிடந்தது.
அதை மட்டும் அவள்
சுரண்டவில்லை.