இரண்டாம் கோடு

அரிசி கழுவின தண்ணி மாதிரி, என்றாள் பர்வீன் சிஸ்டர்.
அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.
காவேரிப்பட்டினம் ஆஸ்பத்திரி,
மாம்பழ சீசன், ராத்திரி இரண்டேகால்.
ஆறு கட்டிலில் ஒன்பது பேர்.
ஒன்பது பேரும் கூழ் ஃபேக்டரியின் ஒரே ஷெட்.
நகக்கண்ணில் இன்னும் பெங்களூரா மஞ்சள்.

ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது.
சாவி என் இடுப்பில்,
அதன் வேலை என் கோட்டுப் பையில்:
வெள்ளிப் பொட்டலத்துக்குள்
விரல் நீளத்தில் ஒரு காகிதப் பட்டை.

கெம்பம்மா, அஞ்செட்டி மலைப்பக்கம்.
வயது கேட்டால் மூத்த மகன் வயதைச் சொல்கிறாள்.
தன் வயிற்றிலிருந்து போனதை
இன்னொருத்தி குழாயில் எடுத்து
கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பது
அவளுக்குத் தாங்கவில்லை.
முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு
"பேடம்மா, கீழ வை" என்கிறாள்.
பதினெட்டு வருஷமாக இதைத்தான் பார்க்கிறேன் என்று
சொல்ல வந்தேன். ஆறுதலாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

நாலு சொட்டு. பட்டையை நிறுத்தினேன்.
பதினைந்து நிமிடம்.
குளுக்கோஸ் பாட்டில் இதற்காகக் காத்திருக்கவில்லை,
அவள் இரு கையிலும் முன்பே ஓடுகிறது.
காத்திருப்பது நானும்
வாசலில் நிற்கும் சூப்பர்வைசரும்தான்.
"நேத்து பிரியாணி சரியில்ல மேடம்,
அப்படியே எழுதிடுங்க."
ஷெட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருது என்று கேட்டால்
செல்போனைப் பார்க்கிறார்.

முன்பெல்லாம் தருமபுரிக்கு அனுப்பிவிட்டு இருப்போம்.
சீல் வைத்த வெள்ளை டப்பா,
ஆறு மணி பஸ், கண்டக்டர் காலடி.
மூன்றாம் நாள் தாள் வரும்: கிருமி வளர்ந்தது.
ஒரு தடவை அது வந்து சேர்ந்தபோது
நாலாம் நம்பர் கட்டிலில் வேறு குழந்தை.
அந்தத் தாளை எந்த ஃபைலில் வைப்பது என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது,
பஞ்சுக்கும் பேனாவுக்கும் கீழே.

முதல் கோடு வந்துவிட்டது. அது எனக்கு,
பட்டை கெட்டுப்போகவில்லை என்று சொல்ல.
இரண்டாவது வந்தால் அவளுக்கு.
வராவிட்டால்
காலரா இல்லை என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது.
வேறேதோ. பெயர் தெரியாத ஏதோ.
பெயர் தெரிந்துவிட்டால் தேவலை என்று நினைத்தேன்,
என்ன நினைக்கிறேன் என்று உறைத்ததும்
தலையைத் திருப்பிக்கொண்டேன்.

பதினோராம் நிமிடம்.
கோடா, நிழலா?
பர்வீன் செல்போன் விளக்கை அடித்தாள்.
கழற்றிய வளையலின் தடம் அளவுக்கு
ஒரு வெளிர் சிவப்பு.
கண்ணை மூடித் திறந்து பார்த்தேன், இருந்தது.
விளக்கை அணைக்கச் சொல்லிப் பார்த்தேன், இருந்தது.

முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது.
"ரெண்டு கோடா?
எங்க மருமவளுக்கும் இப்பிடித்தான் வந்துச்சு.
ஊருக்கெல்லாம் சக்கரை குடுத்தோம்."
பர்வீன் உப்புக் கரைசல் டம்ளரை நீட்டினாள்:
"இதுலயும் சக்கரை இருக்கு. குடி."
ஒன்பது பேரில் சிரிக்க முடிந்தவர்கள் சிரித்தார்கள்.
ஒருத்தி சிரித்துக்கொண்டே பேஸினுக்குக் கை நீட்டினாள்.

எழுதினேன். மணி 2.41. கோடு வெளிறியது. உண்டு.
பிரியாணி என்று எழுதவில்லை.
மாத்திரையை டாக்டர் எழுதிக்கொண்டார்.
சுகாதார ஆய்வாளர் தூக்கக் குரலில் கேட்டார்,
"நிச்சயமாவா?"
நிச்சயம் வெள்ளிக்கிழமைதான் சார் வரும்.
இப்போதைக்கு ரெண்டு கோடு வந்திருக்கு.

விடியுமுன் ஷெட் தொட்டிக் குழாயைச்
சாக்குத் துண்டால் கட்டிவிட்டதாகச் சொன்னார்கள்.
யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை.
சூப்பர்வைசரைக் காணோம்.

மிச்ச மாதிரியை வெள்ளை டப்பாவில் வைத்து, சீல் வைத்து,
பழையபடி ஆறு மணி பஸ்ஸில் ஏற்றினேன்.
காலை நகர்த்தி இடம் விட்ட கண்டக்டர்
டப்பாவைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்:
"என்னக்கா, மாம்பழமா?"